பூ முத்திரை மூட்டையும் கொதிக்காத பானையும்

நவராத்திரியின் ஆறாம் இரவு, 8.15 மணிக்குச் சுண்டல் கொடுத்தார்கள். 9.40 மணிக்கு ஒரு பையன் கோயில் குழாயடியில் வாந்தி எடுத்தான். கண்டதையும் தின்றிருப்பான் என்று அவன் பாட்டி முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். பத்து நிமிடத்தில் அந்தப் பாட்டியும் அதே குழாயடிக்கு வந்தார். 11.20 மணிக்குள் 23 பேர். சுண்டல் வாங்கியவர்கள் ஏறக்குறைய 60 பேர் இருப்பார்கள். ஏழு பேர் கிளினிக்குக்குப் போனார்கள். இரண்டு சிறுவர்களுக்கு உப்புநீர் ஏற்றினார்கள். விடிவதற்குள் எல்லாரும் தேறிவிட்டார்கள்.

இடம், மலேசியாவில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரம். ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்த தோட்டத்தின் ஓரத்தில், தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிக்கப்பட்ட பிறகும் இடம் மாறாமல் நிற்கும் ஓர் அம்மன் கோயில். பெயர் வேண்டாம். சுகாதார அதிகாரிகள் வந்து மாதிரி எடுத்துச் சென்றது தனிக் கதை. இங்கே நான் எழுதுவது கோயில் குழு கேட்டுக்கொண்டதால் நானாகச் செய்த ஆய்வு.

நான் மருத்துவனும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. செம்பனை ஆலை ஆய்வகத்தில் 27 ஆண்டுகள் எண்ணெயின் அமிலத்தன்மையை அளந்து ஓய்வு பெற்றவன். ஊரில் எலி மருந்து முதல் தலைச்சாயம் வரை எதில் சந்தேகம் வந்தாலும் என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கே கோயில் செயலாளர் வந்துவிட்டார். கையில் பயறு மூட்டையின் கிழித்த துண்டு ஒன்று.

"ஐயா, இதைப் பாருங்கள். கதிர்வீச்சு பட்ட பயறாம். யாரோ நமக்கு இதைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள்."

சாக்கில் பச்சை நிறத்தில் ஒரு வட்டம், உள்ளே இரண்டு இலையும் ஒரு புள்ளியும். தூரத்தில் பார்த்தால் பூப்போல இருக்கும். உணவைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தியதைக் காட்டும் உலகப் பொது முத்திரை அது. வழக்கமாக வாங்கும் கொண்டைக்கடலை அந்த வாரம் கடையில் தீர்ந்துவிட, ஓர் அன்பர் 20 கிலோ சிவப்பு ராஜ்மாவை உபயமாகக் கொடுத்திருந்தார். சந்தையில் கச்சாங் மேரா என்பார்களே, சிறுநீரக வடிவில், கருஞ்சிவப்பாக, அதேதான்.

"கதிர்வீச்சு" என்ற சொல்லைக் கேட்டதும் பேராக்காரர்கள் பதறுவதை நான் கேலி செய்ய மாட்டேன். மாநிலத் தலைநகர் ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் 1980களில் அரிய மண் தனிமங்களைப் பிரிக்கும் ஆலை ஒன்று இயங்கியது. வெள்ளீயச் சுரங்க மணலின் எச்சத்திலிருந்து கிடைக்கும் மோனசைட் என்ற கனிமத்தைப் பதப்படுத்தினார்கள். தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த கழிவு மிஞ்சியது. மக்கள் 1985இல் நீதிமன்றம் போனார்கள், 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள், மறு ஆண்டு மேல்முறையீட்டில் தோற்றார்கள், 1994இல் ஆலை மூடப்பட்டது. அந்தக் காலத்தில் பிள்ளை பெற்றவர்கள் இன்று பேரன் பேத்தியோடு கோயிலுக்கு வருகிறார்கள். அவர்களிடம் போய் "கதிர்வீச்சுதானே" என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அது வேறு, இது வேறு. புக்கிட் மேராவில் பிரச்சினை, கதிர் உமிழும் பொருளே மண்ணில் கிடந்தது. பயறு மூட்டைக்கோ கோபால்ட்-60இன் காமாக் கதிர்தான் ஊடுருவிப் போகிறது. பொருள் எதுவும் ஒட்டுவதில்லை. அந்தக் கதிர்களின் ஆற்றல் 1.17, 1.33 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட். பயற்றின் அணுக்கருவைக் கலைத்து அதையே கதிரியக்கப் பொருளாக்க அது போதாது. விளக்கு வெளிச்சம் பட்ட சுவர், விளக்கை அணைத்த பிறகு தானாக ஒளிர்வதில்லை. இதைச் செயலாளரிடம் சொன்னேன். தலையாட்டினார். நம்பவில்லை என்பது தெரிந்தது.

யாருக்கு வரவில்லை?

ஆலையில் எண்ணெய் கெட்டுப்போனால் முதலில் கெடாத தொட்டியைத்தான் தேடுவோம். இங்கேயும் அதையே செய்தேன். வீடு வீடாகப் போய், நோய் வந்தவர்களைவிட வராதவர்களிடம் அதிக நேரம் பேசினேன்.

சர்க்கரைப் பொங்கல் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றுமில்லை. சுண்டலில் தேங்காய்த் துருவலை ஒதுக்கிவிட்டுப் பயறு மட்டும் தின்ற இரண்டு பிள்ளைகளுக்கு வந்தது. தேங்காய் மேல் இருந்த சந்தேகம் அத்தோடு குறைந்தது. பூச்சிமருந்து என்றால் எச்சில் வடியும், வியர்க்கும், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும். கிளினிக்கில் அப்படி யாரையும் பார்க்கவில்லை. சால்மொனெல்லா போன்ற கிருமிகளுக்குக் குறைந்தது ஆறு மணி நேரமாவது பிடிக்கும். இவர்களுக்கோ ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் குமட்டல், வாந்தி, பிறகு சிலருக்கு வயிற்றுப்போக்கு, நான்கைந்து மணி நேரத்தில் அடக்கம். இந்தக் காலக்கணக்கைப் பார்த்ததும் எனக்குப் பாதி விடை தெரிந்துவிட்டது. மீதிப் பாதியைக் கொடுத்தவர் குருக்கள்.

"எனக்கு ஒன்றும் ஆகவில்லையே. நிவேதனச் சுண்டலைத்தான் சாப்பிட்டேன். வீட்டிலும் நான்கு பேர் சாப்பிட்டோம்."

அம்மனுக்குப் படைக்கும் சுண்டலை அவர் வீட்டில்தான் தனியாகச் செய்வார்கள். பயறு அதே மூட்டையிலிருந்து காலையில் அளந்து கொடுத்தது. அவர் மனைவி அதைப் பிரஷர் குக்கரில் வைத்து ஆறு விசில் விட்டிருக்கிறார். சாமிக்குப் படைத்தது எப்படி விஷமாகும் என்று ஊர் ஒரே வரியில் முடித்துக்கொண்டது. எனக்கு அது வேறாகக் கேட்டது. ஒரே மூட்டை, ஒரே கதிர்வீச்சு. ஆனால் இரண்டு அடுப்பு.

பானை

மடைப்பள்ளிப் பொறுப்பில் இருந்த அக்கா, நாற்பது ஆண்டு சமைத்த கை. அவரிடம் குற்றம் விசாரிப்பதுபோல் கேட்டுவிடக் கூடாதே என்று எனக்கு அச்சம். அவரே ஆரம்பித்தார்: "தம்பி, பயறு வேகாமல் நான் இறக்குவேனா? விரலால் நசுக்கிப் பார்த்துத்தான் தாளித்தேன். வெண்ணெய் மாதிரி இருந்தது."

அவர் சொன்னது முழுக்க உண்மை. அதுதான் இந்த வழக்கின் முடிச்சு.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எரிவாயுச் செலவைக் குறைக்க, வெப்பம் காக்கும் பெரிய இரட்டைச் சுவர்ப் பானை ஒன்றைக் குழு வாங்கியிருந்தது. உள்பாத்திரத்தை அடுப்பில் சூடாக்கி, வெளிக்கூட்டில் இறக்கி மூடிவிட்டால் அடுப்பில்லாமலே வேகும். கொண்டைக்கடலை, பச்சைப்பயறு எல்லாம் அதில் அழகாக வெந்தன. அன்று 4 கிலோ ராஜ்மாவைக் காலையில் ஆறு மணி நேரம் ஊறவைத்து, கொதிக்கும் நீரில் கொட்டி, ஒரு கரண்டி சோடா மாவு போட்டு, ஓரத்தில் குமிழி வந்ததும் ஐந்து நிமிடம் விட்டு மூடியிருக்கிறார்கள். மதியம் ஒரு மணிக்கு மூடியது, மாலை 6.30க்குத் திறந்தது.

மூட்டையில் மிஞ்சியதில் 4 கிலோவை எடுத்து, அதே பானையில், அக்காவின் கையாலேயே அப்படியே மறுபடி சமைக்கச் சொன்னேன். ஆலையில் விடைபெற்ற அன்று நண்பர்கள் கொடுத்த வெப்பமானி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைப் பயற்றின் நடுவில் இறக்கினேன். பயறு விழுந்ததும் நீர் 68 பாகைக்கு இறங்கியது. ஓரத்தில் குமிழி தெரிந்தபோது நடுவில் 84. ஒரு மணி நேரம் கழித்து 80. மூன்று மணி நேரத்தில் 74. திறக்கும்போது 67. பிறகு பெரிய வாணலியில் கடுகு, மிளகாய் தாளித்துக் கொட்டிக் கிளறியபோது, பயற்றுக்குள் குத்திய முனை 78 காட்டியது. ஒரு தடவைகூடப் பயற்றின் நடுப்பகுதி 100 பாகையைப் பார்க்கவில்லை.

ஒரு பயற்றை எடுத்து நசுக்கினேன். அக்கா சொன்னதுபோலவே விரலுக்கிடையில் வழுக்கிக்கொண்டு குழைந்தது.

மென்மையும் வேக்காடும்

இந்த இடத்தில் நானே ஒரு தவறான பாதையில் போனேன். கதிர்வீச்சு பட்ட பயறு விரைவாக மென்மையாகும் என்று படித்திருக்கிறேன். அளவு கூடும்போது மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளும், செல்களை ஒட்டவைக்கும் பெக்டினும் துண்டுபடுகின்றன. கஞ்சியின் கெட்டித்தன்மை குறைகிறது, வேகும் நேரமும் குறைகிறது. ஆகவே கதிர்வீச்சுதான் அக்காவின் விரலை ஏமாற்றியது என்று ஒரு நாள் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். அழகான கதை. இரண்டு தரப்பையும் சமாதானப்படுத்தியிருக்கும்.

ஆனால் பூச்சியை ஒழிக்கப் பயற்றுக்குக் கொடுக்கும் கதிர்வீச்சு அளவு பொதுவாக 1 கிலோகிரேக்கு (கதிர்வீச்சை அளக்கும் அலகு) உட்பட்டது. அந்த அளவில் மென்மை பெரிதாக மாறாது. சந்தேகத்தைத் தீர்க்க, முத்திரையில்லாத ராஜ்மாவைச் சந்தையில் வாங்கி வந்து, இரண்டையும் சோடா போட்டும் போடாமலும் நான்கு டப்பாவில் சூடாக்கினேன். சோடா போட்ட இரண்டும் குழைந்தன. போடாத இரண்டும் கடினமாகவே இருந்தன. பெக்டினைக் கால்சியமும் மக்னீசியமும் பிடித்து இறுக்கி வைத்திருக்கின்றன. சோடாவின் சோடியம் அவற்றைத் தள்ளிவிடுகிறது, காரத்தன்மை பெக்டினையே அறுக்கிறது. ஆக, குற்றவாளி கதிர் இல்லை, ஒரு கரண்டி சோடா மாவு. (தயமின் என்ற வைட்டமினையும் அது அழிக்கும். அவசரத்துக்குச் சோடா போடும் வீட்டுக்காரர்கள் கவனிக்க.)

மென்மை என்பது செல் சுவரின் செய்தி. நஞ்சு இருப்பது செல்லுக்குள், புரதத்தில். முதலாவது குழைந்துவிட்டதால் இரண்டாவதும் ஒழிந்துவிட்டது என்று விரல் சொன்னால், விரல் பொய் சொல்கிறது.

அந்தப் புரதம்

ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் இருக்கிறது. நான்கு துண்டுகள் சேர்ந்து இறுகிய புரதம். செரிமான நொதிகளுக்கு எளிதில் மசியாது. குடல் சுவரின் செல்கள்மீது உள்ள சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்றிக்கொள்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் கையேடு சொல்லும் கணக்கு: பச்சை ராஜ்மாவில் இதன் வீரியம் 20,000 முதல் 70,000 அலகு, நன்றாக வெந்ததில் 200 முதல் 400. நான்கைந்து பச்சைப் பயறே ஆளைப் படுக்கவைக்கும். அரைகுறையாக 80 பாகைக்குச் சூடாக்கினால் வீரியம் பச்சையைவிட ஐந்து மடங்கு வரை கூடலாம் என்றும் அதே கையேடு எச்சரிக்கிறது. இங்கிலாந்தில் 1976 முதல் இப்படிப்பட்ட நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. பல, ஊறவைத்த பச்சைப் பயற்றாலும் மெதுவாகச் சூடாகும் மின்பானைகளாலும் வந்தவை.

கொண்டைக்கடலையில் இந்த வகை வீரியம் மிகக் குறைவு. மூன்று ஆண்டு அந்தப் பானை நல்ல பெயர் வாங்கியதற்கு அதுதான் காரணம். பானையின் திறமை இல்லை.

கதிர்வீச்சு ஏன் இந்தப் புரதத்தை ஒன்றும் செய்யவில்லை என்று செயலாளர் கேட்டார். நல்ல கேள்வி. 1 கிலோகிரே என்றால் ஒரு கிலோ பொருளுக்குள் 1,000 ஜூல் ஆற்றல். ஒரு கிலோ தண்ணீரில் அது கால் பாகை வெப்பம்கூட ஏற்றாது. உலகளாவிய உணவு விதிகள் பொதுவாக அனுமதிக்கும் உச்சமான 10 கிலோகிரேயே 2.4 பாகைதான். அதே கிலோ தண்ணீரை 28 பாகையிலிருந்து கொதிக்கவைக்க ஏறக்குறைய 3,00,000 ஜூல் வேண்டும். பிறகு எப்படி வண்டு சாகிறது? உயிரணுவுக்குள் டிஎன்ஏ ஒரு நகலோ இரண்டோதான். அங்கங்கே அறுந்தால் செல் பிளவு நின்றுபோகும். லெக்டின் மூலக்கூறோ ஒரே விதையில் கோடானுகோடி. பத்தாயிரத்தை அடித்தாலும் மற்றவை அப்படியே உட்கார்ந்திருக்கும். உலர்ந்த விதையில் ஈரம் பத்துப் பன்னிரண்டு விழுக்காடுதான் என்பதால், நீர் சிதைந்து உண்டாகும் வினைமிகு துணுக்குகளும் தூரம் போக முடியாது. அளவைப் பல கிலோகிரேக்கு உயர்த்தினால், சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும் டானினும் பைட்டேட்டும் ஓரளவு குறையும், புரதம் செரிப்பதைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான்கள் கொஞ்சம் தளரும். கூடவே கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து வாடை வரும். அப்போதும் அது சமையலுக்கு ஈடாகாது.

வெப்பத்தின் வழி வேறு. அது எல்லா மூலக்கூறையும் ஒரே நேரத்தில் உலுக்குகிறது. ஆலைக்காரர்களுக்கு இது புதிதில்லை. செம்பனைக் குலை வந்ததும் 3 பார் அழுத்தத்தில், ஏறக்குறைய 140 பாகை நீராவியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவிப்போம். காய் உதிரட்டும் என்பது ஒரு காரணம். பழத்திலுள்ள லைபேஸ் நொதி எண்ணெயைக் கொழுப்பு அமிலமாக உடைக்காமல் அதன் கதையை முடிப்பது இன்னொரு காரணம். குலைகளை நெருக்கி அடைத்து, காற்றைச் சரியாக வெளியேற்றாமல் விட்டால் நடுக்குலை வேகாது. மறுநாள் என் அளவைக் கண்ணாடியில் அமிலம் ஏறி நிற்கும். கோயில் பானையில் நடந்ததும் அதே நடுக்குலை விவகாரம்தான்.

ஈரம் முக்கியம். ஈரத்தில் 100 பாகையில் பத்து நிமிடத்தில் விரிந்து செத்துப்போகும் லெக்டின், உலர்ந்த வறுவலில் வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். உலர் வெப்பம் முதலில் கெடுப்பது லைசின் என்ற நல்ல அமினோ அமிலத்தை. சர்க்கரையோடு சேர்ந்து அது பழுப்பாவதைத்தான் ஈப்போ புந்தோங்கின் கச்சாங் பூத்தே (வறுத்த கடலை வகைகள்) வாசனையாக நாம் விரும்பித் தின்கிறோம். ஆகவே ராஜ்மாவை வறுத்துப் பொடித்துச் சத்துமாவில் கலக்கும் புதுப் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. பச்சைச் சோயா கொடுத்த எலிகள் வளரவில்லை, வேகவைத்துக் கொடுத்ததும் வளர்ந்தன என்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஆஸ்போர்னும் மெண்டலும் 1917லேயே காட்டிவிட்டார்கள். டிரிப்சின் தடுப்பான்களில் பவ்மன்-பிர்க் என்ற வகையில் ஏழு கந்தகப் பிணைப்புகள். சிறிய புரதம், கெட்டியான பூட்டு, லெக்டினைவிடப் பிடிவாதம். பைட்டேட்டுக்கோ கொதி பெரிய பொருட்டே இல்லை. வாயுவைக் கிளப்பும் ஸ்டாக்கியோஸ் சர்க்கரை, ஊறிய நீரைக் கொட்டினால்தான் குறையும்.

கண்ணாடிச் சில்லில்

என் அக்காள் மகள் ஈப்போவில் மருத்துவ ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தாள். முந்தின வாரம் என்னிடமே இரத்தம் எடுத்து, உப்புநீரில் கழுவிய சிவப்பணுக்களைப் பனிப்பெட்டியில் கொண்டுவந்திருந்தாள். "மாமா, உங்கள் இரத்தத்தை வைத்தே உங்கள் பயற்றைப் பிடிக்கலாம்" என்றாள். இந்த லெக்டினுக்கு இரத்த வகை பேதமில்லை, எதையும் திரட்டும். ஹீமக்ளூட்டினின் என்ற பெயரே அதனால்தான்.

நான்கு விதமான பயற்றை உப்புநீரில் அரைத்து வடிகட்டினோம். சில்லில் ஒரு சொட்டு இரத்தம், ஒரு சொட்டு வடிநீர். முத்திரைப் பயறு பச்சையாக: சில்லைச் சாய்த்ததுமே ரவை உப்புமாபோலக் கட்டி கட்டியாகத் திரண்டது. சந்தைப் பயறு பச்சையாக: அதேபோல. பானையில் ஐந்தரை மணி நேரம் இருந்து குழைந்த பயறு: கொஞ்சம் தயங்கி, பிறகு அதுவும் திரண்டது. முப்பது நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்தது: ரோஜாப்பூ நிறத்தில் வழவழப்பாக ஓடியது, ஒரு கட்டியும் இல்லை. அந்தக் கடைசிச் சில்லை மறுபடி மறுபடி சாய்த்துப் பார்த்தோம். இது உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும் சோதனை. எவ்வளவு என்று சொல்லாது. எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

ஆய்வகத்துக்கு இந்த நஞ்சு பழைய நண்பன் என்றும் அவள் சொன்னாள். ஓய்ந்திருக்கும் வெள்ளணுக்களை இது பிளவுபடத் தூண்டுகிறது என்று 1960இல் பீட்டர் நோவெல் என்ற அமெரிக்க ஆய்வாளர் கண்டுபிடித்த பிறகுதான் இரத்தத்திலிருந்து குரோமோசோம் பார்ப்பது எளிதானதாம்.

இன்னொரு சோதனை என் ஜன்னல் மேடையில் நடந்தது. ஈரப்பஞ்சில் முத்திரைப் பயறு பத்து, சந்தைப் பயறு பத்து. ஐந்தாம் நாள் சந்தைப் பயற்றில் எட்டு, வேர்விட்டுத் தலை தூக்கின. முத்திரைப் பயற்றில் ஆறு, வெள்ளை முளையை நகக்கண் அளவு நீட்டி, அத்தோடு நின்று, நுனி பழுப்பாகிவிட்டன. இருக்கும் செல்கள் நீரை உறிஞ்சிப் புடைத்தன. புதிய செல் உண்டாகவில்லை. முத்திரை உண்மைதான், கதிர் தன் வேலையைச் செய்திருக்கிறது. அதன் வேலை அவ்வளவுதான்.

பிறகு

குழுக் கூட்டத்தில் சில்லுகளைக் காட்டினேன். மைக்ரோவேவ் அடுப்பும் கதிர்வீச்சுதானே, அதுவும் ஆபத்தா என்று ஒருவர் கேட்டார். அது தண்ணீரைச் சூடாக்கும் அலை, எதையும் உடைக்காது. பயறு கொதித்தால் சரி, கொதிக்காவிட்டால் அங்கேயும் இதே கதைதான் என்றேன். மடைப்பள்ளிச் சுவரில் ஒரு தாள் ஒட்டினோம்: ராஜ்மா என்றால் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவேண்டும், ஊறிய நீரைக் கொட்டவேண்டும், புதிய நீரில் பானை முழுதும் தளதளக்கும் கொதியில் முப்பது நிமிடம், கடிகாரம் பார்த்து. அதற்குப் பிறகு வெப்பப் பானையில் வைப்பது அவரவர் விருப்பம். சோடா மாவு டப்பாவை அக்காவே எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

முத்திரை மூட்டையில் மிஞ்சியதை யாரும் தொடவில்லை. நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து, கொதிக்கவைத்துத் தின்று தீர்த்தேன். செயலாளர் வேறு கடையில், சாக்கில் பூ எதுவும் இல்லை என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, 25 கிலோ கொண்டைக்கடலை வாங்கிப்போட்டார்.

திருக்கார்த்திகைக்கு முந்தின நாள் அக்கா தொலைபேசியில் அழைத்தார். போய்ப் பார்த்தேன். மூட்டையைப் பிரித்ததும் பழுப்பு வண்டுகள் சுவரில் ஏறின. பல கடலைகளில் ஊசி குத்தியதுபோல் வட்டமான துளை. துளையில்லாத கடலையின் தோலில் வெள்ளைப் புள்ளியாக முட்டைகள் ஒட்டியிருந்தன. பாயில் பரப்பி வெயிலில் வைத்தோம். வண்டுகள் பறந்தன. முட்டைகள் போகவில்லை, அக்கா ஒரு கடலையை எடுத்து நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.